பைனாகுலரா, ஜூம் கேமராவா, பெரிய லென்ஸா? வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைக் குடும்பத்தோடு பார்க்க எதை வாங்கலாம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல். மதிலுக்கு அந்தப் பக்கம் காலிமனை, அது முழுக்க வேலிக்காத்தான். மேடவாக்கத்தில் இவ்வளவு பச்சை இருந்தாலே பெரிய விஷயம். போன வருடம் முழுப்பரீட்சை லீவில், முருங்கைப் பூவுக்கு ஊதாத் தேன்சிட்டு ஒன்று தினமும் காலையில் வர ஆரம்பித்தது. நிழலில் உட்கார்ந்தால் கறுப்பு, வெயிலுக்குத் திரும்பினால் நீலமும் ஊதாவும். என் மகள் ஓடிப்போய் மொபைலில் படம் எடுத்து வந்து காட்டினாள். பச்சை இலைக்கு நடுவில் ஒரு மிளகு தெரிந்தது. அந்த மிளகுதான் தேன்சிட்டு என்று நாங்கள் எல்லோரும் நம்ப வேண்டியிருந்தது.

அன்று ராத்திரியே என் வீட்டுக்காரர் லென்ஸ் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் ஐந்து பேர். நான், அவர், பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன், எழுபத்தொன்று நடக்கும் என் அத்தை, அதாவது மாமியார். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணத்தில் ஒதுக்கிய முப்பதாயிரம். அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் விசாரித்தோம், இரவல் வாங்கினோம், வாடகைக்கு எடுத்தோம், ஒருமுறை ஏமாந்தோம். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த ஒப்பீடு.

கேமரா பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு தூரம் தெரியும், படம் எவ்வளவு துல்லியம் என்றுதான் கேட்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கு அது சரியான கேள்வி. எனக்குத் தேவைப்பட்ட கேள்வி வேறு: ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மீதி நான்கு பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? ஆறு வயதுப் பையனைச் சும்மா நிற்கச் சொன்னால் எத்தனை நிமிடம் நிற்பான் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அவன் கல்லை எடுத்துக் குளத்தில் போட்டுவிட்டால், கையில் எந்த லென்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கடைக்காரர் சொல்லும் 60 மடங்கு, 83 மடங்கு எல்லாம் குழப்பத்தான் உதவும். மடங்கு என்பது அந்தக் கேமராவின் மிக அகலமான காட்சிக்கும் மிக நெருக்கமான காட்சிக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ‘முழு ஃபிரேமுக்குச் சமமான’ மில்லிமீட்டர் எண்ணை. எல்லாக் கேமராவையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவும் எண் அது, கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும். தேன்சிட்டின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். அது 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொபைலின் சாதாரண லென்ஸ் 24 மி.மீ. அளவு, அதில் இந்தக் குருவி படத்தின் அகலத்தில் 75இல் ஒரு பங்குதான் இருக்கும். மகள் எடுத்த மிளகு இதுதான். தூரத்தைக் கிட்டே காட்டும் ஐந்து மடங்கு டெலி லென்ஸ் உள்ள விலை உயர்ந்த போன் என்றால் 120 மி.மீ., 15இல் ஒரு பங்கு. 640 மி.மீ.க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 1200இல் மூன்றில் இரண்டு பங்கு. 2000இல் குருவி படத்துக்குள் அடங்காது, வால் வெட்டுப்படும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. வேடந்தாங்கலில் 50 மீட்டர் தள்ளி நிற்கும் சங்குவளை நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். கண்ணுக்கும் லென்ஸுக்கும் அது 5 மீட்டரில் உள்ள தேன்சிட்டின் அளவுதான். அதாவது சரணாலயத்துக்கு என்று தனியாகப் பெரிய கருவி வேண்டியதில்லை. பின்கட்டில் தேன்சிட்டைப் பிடிக்கிற கருவி நாரையையும் பிடிக்கும். நாரை ஆடாமல் நிற்கும் என்பதால் வேலை இன்னும் சுலபம். உண்மையில் கஷ்டமான பறவை வீட்டில்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் மொபைல்

செலவு இல்லை என்பதால் இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை, கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கும்வரை. அதன் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததை மகள் துடைக்கப் போனாள். அது நகர்ந்தது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளின் புழு சின்ன வயதில் இப்படித்தான் எச்சம் போல வேடம் போடும், வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரம், பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு படம். புழு, கூட்டுப்புழு, கடைசியில் ஒரு காலையில் காலிக் கூடு. பறந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எடுத்த படங்களிலேயே வரிசையாகப் பார்க்க நன்றாக இருப்பது அதுதான்.

புழு, சிலந்தி, ஓணான், தேரை, தட்டான், கிட்டே போக விடும் அணில் எல்லாவற்றுக்கும் மொபைல் போதும். போதும் என்பதைவிட, பெரிய கேமராவைவிட அதுவே நல்லது என்பேன். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சின்னதாக இருப்பதால் புழுவின் தலையும் வாலும் சேர்ந்தே தெளிவாக விழும். எடுத்த உடனே ஐந்து பேரும் குனிந்து பார்க்கலாம். பறவைக்கு மட்டும் அது உதவாது. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் போன் தன் கற்பனையில் இறகு வரைய ஆரம்பித்துவிடும்.

மொபைலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எட்டாததால் கிட்டே போகத் தோன்றும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தையல்சிட்டுக் கூடு தெளிவாகத் தெரியவில்லை என்று ஒரு இலையைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள். மறுநாள் காக்கைக்கும் தெளிவாகத் தெரிந்தது. கூடு இருக்கிற இடத்தில் மொபைலை உள்ளேயே வைத்துவிடுவது நல்லது.

போனில் இன்னொரு உபயோகம், அதன் காது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி, கூவுகிற பறவை எது என்று கேட்டுச் சொல்லும். அத்தையிடம் அது செல்லவில்லை. ‘டொங்க் டொங்க்’ என்று பாத்திரம் தட்டுகிற சத்தம் வந்தவுடன், செயலி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “குக்குறுவான்டா, அந்த வேப்பமர உச்சியில பாரு” என்றார். பார்த்தோம், இருந்தது. அப்புறம் ஒரு மாதத்துக்கு இருவருக்கும் போட்டி. தவிட்டுக்குருவி, செம்போத்து, ஆக்காட்டி எல்லாவற்றிலும் அத்தைதான் முந்தினார். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற குருவிகளில் மட்டும் செயலி ஜெயித்தது.

பைனாகுலர்

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். ஆன்லைனில் ‘30×60’ என்று எழுதி, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு வாங்கினோம். பைனாகுலரில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். உண்மையிலேயே 60 மி.மீ. கண்ணாடி என்றால் இரண்டும் சேர்ந்து உள்ளங்கையில் எப்படி அடங்கும்? வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதில் பார்த்தால் வானவில் விளிம்போடு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மகனுக்குத் தலைவலி. அவன் அதை இப்போது கப்பல் கேப்டன் விளையாட்டுக்கு வைத்திருக்கிறான்.

பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது 8×42. இது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. 10 மடங்கு இருக்க 8 எதற்கு? கையில் பிடித்துப் பார்த்தபோது புரிந்தது. மடங்கு கூடினால் கைநடுக்கமும் அதே அளவுக்குக் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும். நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த 8×42இல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரியும். 10×50இல் 114 மீட்டர்தான். பழகாதவர்களுக்குப் பறவை அந்த வட்டத்துக்குள் விழுவதே பாதி வேலை. 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் தடிமன் அது. அதிகாலையிலும் மர நிழலிலும் இந்தத் தடிமன்தான் உதவுகிறது. 8×25 என்ற சட்டைப்பை மாடலில் 3 மி.மீ.தான். வெயிலில் பிரச்சினை இல்லை, ஆறு மணிக்கு இருட்டு.

விலை கடைக்குக் கடை மாறும். எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்ல போரோ வகை கிடைத்தது. போரோ என்றால் பழைய படங்களில் வரும், தோள் அகன்ற வடிவம். நேர்க்குழாயாக இருக்கும் ரூஃப் வகை அழகாகவும் சின்னதாகவும் இருக்கும். ஆனால் அதே தெளிவு வேண்டுமென்றால் அதில் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் போரோதான் என்பது என் முடிவு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண்பகுதி ரப்பரை மடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் முதல் நாள் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருந்ததாம்.

சரி, சும்மா நிற்பது யார்? ஒரு பைனாகுலர் என்றால் நான்கு பேர். இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கைமாற்றுவதற்குள் குருவி பறந்துவிடும், அடுத்தவர் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்வதற்குள் சண்டை வந்துவிடும். அதனால் பைனாகுலரை எண்ணுவது என்றால் இரண்டாக எண்ண வேண்டும். இரண்டு வாங்கினால் நிலைமையே வேறு. ஒருவர் பார்த்து இன்னொருவருக்கு வழி சொல்ல வேண்டும் என்ற நிலை வந்துவிடும். “முருங்கையில், மூன்றாவது கிளை, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கிற இடம்” என்று மகள் சொல்வாள். மகனுக்கு முள் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பறவைக்காகவே கற்றுக்கொண்டான், ஒரு வாரத்தில்.

ஆனால் ஆறு வயதுக்கு 8×42 பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடை முக்கால் கிலோவை ஒட்டி வருகிறது. அதைவிட முக்கியம், இரண்டு குழாய்களுக்கும் இடையிலான தூரம். பல பைனாகுலர்கள் 56 மி.மீ.க்குக் கீழே மடங்காது. சின்னப் பிள்ளைகளின் கண்கள் அதைவிட நெருக்கமாக இருக்கும், ஒரு கண்ணில் மட்டும் தெரியும். இதை எந்தப் பெட்டியிலும் பெரிதாக எழுதுவதில்லை. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ‘ஒரு வட்டம் தெரிகிறதா, இரண்டா’ என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒற்றை வட்டம் தெரிந்தால் சரி. 6×30 வகை கிடைத்தால் சின்னவர்களுக்கு நல்லது. எடையும் குறைவு, நடுக்கமும் குறைவு. எது வாங்கினாலும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நொடியில் கண் போய்விடும்.

அத்தைக்கும் பைனாகுலர் ஒத்துவரவில்லை. கண்புரை அறுவை செய்த கண், கை நடுக்கம் வேறு. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “ம், தெரியுது தெரியுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். தெரியவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே உடம்பில் எல்லாம்: சூப்பர்ஜூம்

லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமராக்கள். நிக்கான் பி950 இந்த வகையில் பிரபலம்: 24இலிருந்து 2000 மி.மீ. வரை, எடை சுமார் ஒரு கிலோ. புதிது எங்கள் முப்பதாயிரத்துக்குள் வரவே வராது. பானாசோனிக் எஃப்இசட்82 என்பது 20இலிருந்து 1200 வரை, அறுநூறு கிராம் சொச்சம். செகண்ட் ஹேண்டில் எங்கள் கைக்கு எட்டியது.

ஒரு நண்பரிடம் பி950ஐ இரண்டு வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தோம். முதல் நாளே நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காலிமனையின் மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. இங்கே குளமும் இல்லை, மீனும் இல்லை. அது ஓணானையும் வெட்டுக்கிளியையும் தின்று வாழ்கிறது. மகள் ஜூம் செய்து, மடங்கும் திரையை அத்தை பக்கம் திருப்பிக் காட்டினாள். அத்தை நாற்காலியை விட்டு எழவேயில்லை. “இது இவ்வளவு நீலமா!” என்றார். ஐம்பது வருடமாகப் பார்த்த பறவை.

கருவிகளைப் பற்றிய பேச்சில் யாரும் சொல்லாத விஷயம் இதுதான். பைனாகுலரில் பார்ப்பது ஒருவர் கண்ணோடு நின்றுவிடும். கேமராத் திரை என்பது ஐந்து பேருக்கும் பொதுவான ஜன்னல். படம் எடுக்கக்கூட வேண்டாம், ஸ்டாண்டில் வைத்துப் பறவையை நோக்கித் திருப்பி வைத்தாலே போதும். சும்மா நிற்பவர் யாருமில்லை.

குறைகளும் இருக்கின்றன. இந்தக் கேமராக்களின் சென்சார் 1/2.3 அங்குலம் என்ற வகை. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் சாதாரணமாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு இதைப்போல் சுமார் 12 மடங்கு. பரப்பு குறைந்தால் வெளிச்சமும் குறைவு. காலை எட்டு மணி வெயிலில் நல்ல படம் தரும் அதே கேமரா, மாலை ஐந்தரைக்கு மர நிழலில் மணல் தூவிய மாதிரி படம் தரும். பறக்கும் பறவையை மறந்துவிடுங்கள். தையல்சிட்டு கிளைக்குக் கிளை தாவுகிற வேகத்துக்கு ஜூம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். முழு ஜூமில் பறவையைத் தேடுவது நூல்கண்டுக்குள் நுனி தேடுவது போல. பி950இல் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் காட்சி கொஞ்ச நேரம் விரிந்து, விட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் நான் முதல் நாளே கைவிட்டிருப்பேன். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் 2000 மி.மீ. என்பது வெறும் எண். தண்ணீர்மேல் கானல் ஆடும், பூநாரை அலையடிக்கும்.

பெரிய லென்ஸ்

வீட்டுக்காரரின் கனவு இது. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவின் உடம்பு, அதற்கு 100–400 அல்லது 150–600 மி.மீ. லென்ஸ். புதிதாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். முப்பதாயிரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதற்கு, “வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமே” என்றார். ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்து ஒரு சனிக்கிழமைக்கு எடுத்தோம். ஜனவரி மாதம், வேடந்தாங்கல்.

லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவை ஒட்டி. கேமராவுக்குத் தனிக் கட்டணம் கட்டிவிட்டு ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் முழுக்க நாரைகளும் நத்தைகுத்திகளும் அரிவாள்மூக்கன்களும், கீழே கூழைக்கடாக்கள். சத்தம், வாசனை எல்லாம் சேர்ந்து பெரிய கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு மாதிரி இருந்தது. அவர் எடுத்த படங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் இதுவரை எடுத்த பறவைப் படங்களில் முதல் பத்தும் அன்றைக்கு எடுத்தவை. நாரை குஞ்சுக்கு இரை கக்கும் படத்தில் முதுகின் ரோஜா இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். சூப்பர்ஜூம் கிட்டேகூட வராது.

ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் எங்களோடு பேசிய வார்த்தைகள் மூன்று: “நகரு”, “ஆட்டாதே”, “இரு.” லென்ஸை மகளால் தூக்க முடியவில்லை. மகனைத் தொட விடவில்லை, முன்பணம் அப்படி. மகன் கரையில் உட்கார்ந்து முறுக்குப் பாக்கெட்டை முடித்துவிட்டு, கட்டெறும்பு வரிசையைப் பார்க்கப் போய்விட்டான். படங்களை நாங்கள் மறுநாள் டிவியில் பார்த்தோம். அழகாக இருந்தன, யாரோ எடுத்த படங்கள் போல.

அதனால் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் உண்மையிலேயே படம் எடுப்பதில் விழுந்துவிட்டால், சூப்பர்ஜூமில் காசைப் போடாமல் நேரே இதற்குச் சேர்ப்பதுதான் லாபம். லென்ஸ் பல வருடம் இருக்கும், உடம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் வாடகை போதும். அன்றைக்குக் குடும்பத்தை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மதிலில் கட்டும் கேமரா

எதிரே சூடான உடம்பு அசைந்தால் தானே படம் எடுக்கும் டிரெயில் கேமராவை ஒரு வாரம் வாழை மரத்தில் கட்டினோம், அதுவும் இரவல்தான். முக்கால்வாசி படங்கள் வெயிலில் சூடேறிய வாழை இலை ஆடியது, மீதியில் பெரும்பகுதி எதிர்வீட்டுப் பூனை. ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு மதில்மேல் ஒரு மரநாய், வாலை நீட்டிக்கொண்டு. மகன் அதை அச்சடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். ஒரு வாரத்துக்கு அருமையான விளையாட்டு. விலை கொடுத்து வாங்கும் அளவுக்குப் பின்கட்டில் அத்தனை ராத்திரி விருந்தாளிகள் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பி வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எங்கே போவது என்பதும் கருவியை மாற்றும்

கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் பைனாகுலர்கூட வேண்டாம். மகனுக்கு அங்கே மிருகங்கள் கிட்டத்திலேயே தெரிந்தன. பக்கத்தில் தேசியப் பூங்காவின் காடு இருப்பதால் மரத்தில் பறவைக்கும் குறைவில்லை. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். நகரத்துக்கு நடுவில் அதற்குள் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அங்கே எங்கள் கையில் மொபைல் மட்டும்தான்.

பள்ளிக்கரணை நேர் எதிர். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். பறவைகள் எல்லாம் தூரத்தில், நாம் சாலையோரத்தில், பின்னால் லாரிகள். மொபைல் அங்கே சுத்தமாக வேலைக்கு ஆகாது. நீலத்தாழைக்கோழி கோரைக்குள் நடப்பதைப் பார்க்கப் பைனாகுலர், அத்தைக்குக் காட்டக் கேமரா. சின்னப் பிள்ளையின் கையைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் கருவியே இல்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது நான்.

பின்கட்டில் எது வைத்திருந்தாலும் அதைவிட உபயோகமானது ஒரு மண்சட்டித் தண்ணீர். நிழலில், பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், சமையலறை ஜன்னலிலிருந்து நான்கைந்து மீட்டரில் வைத்தோம். தினமும் கொட்டிக் கழுவி ஊற்றினால் கொசு வராது. சித்திரை வெயிலில் கொண்டைக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் முறை வைத்துக் குளித்தன. 1200 மி.மீ. லென்ஸ் கொண்டுவரும் நெருக்கத்தில் பாதியை இருபது ரூபாய்ச் சட்டி கொண்டுவந்துவிட்டது.

கடைசியில் வாங்கியது

ஒரு 8×42 பைனாகுலர், சுமார் ஒன்பதாயிரம். அதே விலையில் இன்னொன்று வாங்காமல் மகனுக்கு எடை குறைந்த, நெருக்கமாக மடங்குகிற ஒன்று, ஐந்தாயிரத்துக்குள். மீதிக்குச் செகண்ட் ஹேண்ட் எஃப்இசட்82. வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், பூஞ்சை பிடித்திருந்தால் ஒட்டடை மாதிரி தெரியும். சென்னை ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கலாம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம், முறுக்கு டப்பாவாக இருந்ததுதான். துல்லியத்தைத் துறந்துவிட்டுத் திரையை வாங்கினோம் என்று வீட்டுக்காரர் சொல்வார், கொஞ்சம் வருத்தத்தோடு.

எல்லா வீட்டுக்கும் இதே பட்டியல் பொருந்தாது. பெரியவர் யாரும் இல்லாத, இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் இரண்டு பைனாகுலரோடு நிறுத்திக்கொள்வேன்; கேமரா வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும் என்றால் எதுவுமே வாங்காமல் மொபைலும் மண்சட்டியும் போதும். மாடியில் ஃபிளாட், மரம் தூரத்தில்தான் என்றால் கேமராவுக்கு முதலிடம். பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஒரு நல்ல பைனாகுலர். அந்தப் பணத்தில் கிடைக்கும் கேமரா எதுவும் பறவைக்கு உதவாது.

இந்த ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு முதல்முறையாகப் பட்டியல் அனுப்பினோம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். மொட்டைமாடியில் கரும்போடு உட்கார்ந்தோம். மகள் பைனாகுலரில், வீட்டுக்காரர் கேமராவில், அத்தை காதால், நான் நோட்டில். மகன் ஏழு காகம், நான்கு மைனா, இரண்டு பச்சைக்கிளி, மூன்று அணில் என்று சொன்னான். அணிலை அதில் சேர்க்க முடியாது என்று அக்காக்காரி சொன்னதற்கு, “நான்தானே பார்த்தேன்” என்று அழ ஆரம்பித்துவிட்டான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.